வீடு தேடிச் செல்லும் பணி

(வாழப்பாடியில் நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி, புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் எங்கள் சபையின் பணி அறிக்கையைப் படிக்குமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. பணி அறிக்கை என்றால் இத்தனை மூட்டை அரிசி, இத்தனை சேலை, இத்தனை மாணவர்க்குப் புத்தகப் பை என்று கணக்கு வரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அந்தக் கணக்குகள் யாவும் முறையாக எழுதப்பட்டுப் பங்குத்தந்தையின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றை இங்கே படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. வாரந்தோறும் நாங்கள் என்ன செய்கிறோம், அதை ஏன் இந்த முறையில் செய்கிறோம், இனி அது தொடர உங்களிடம் என்ன வேண்டுகிறோம் என்ற மூன்றை மட்டுமே சொல்ல வந்திருக்கிறோம்.

இரக்கம் இருந்தது, ஒழுங்கு இல்லை

எங்கள் சபை எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தப் புனித வின்சென்ட் தே பவுல், 1617-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்ற செய்தி அவருக்கு வந்தது. மறையுரையில் அதை அவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். பிற்பகலில் அந்த வீட்டை நோக்கி நடந்தபோது வழியெல்லாம் மக்கள் கூட்டம்! ரொட்டியும் இறைச்சியும் சுமந்து போகிறவர்கள் ஒருபுறம், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மறுபுறம்.

வேறு யாராயிருந்தாலும் மகிழ்ந்து போயிருப்பார்கள். வின்சென்ட்டும் மகிழ்ந்தார். ஆனால் கூடவே ஒன்றை எண்ணிப் பார்த்தார். இன்று வந்து குவிந்த உணவை இந்த நோயாளிகள் எத்தனை வேளை உண்ண முடியும்? மிஞ்சியது கெட்டுப்போகும். நான்கு நாள் கழித்து இதே குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும். அப்போது இந்தக் கூட்டம் வருமா? மக்களிடம் இரக்கத்திற்குக் குறைவில்லை, அதற்கு ஓர் ஒழுங்குதான் இல்லை என்று அவர் உணர்ந்தார். சில நாள்களிலேயே அவ்வூர்ப் பெண்களை ஒன்றுகூட்டி, முறை வைத்து நோயாளர் வீடுகளுக்குச் செல்ல ஏற்பாடு செய்தார்.

அந்த ஏற்பாட்டிற்காக அவர் எழுதிய ஒழுங்குகளில் ஒன்று எங்கள் மனத்தை மிகவும் தொட்டது. பல நோயாளர்க்கு உணவு கொண்டுபோகும்போது, துணைக்கு ஆள் உள்ளவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்; யாருமற்றுத் தனியே கிடப்பவர் வீட்டுக்குக் கடைசியில் போக வேண்டும். ஏன் தெரியுமா? கடைசி வீடென்றால் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. சற்று நேரம் அமர்ந்து பேசிவிட்டு வரலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வொழுங்கு நம் வாழப்பாடித் தெருக்களுக்கும் அப்படியே பொருந்தும்.

விறகு சுமந்த மாணவர்கள்

அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே பிரான்சு நாட்டில், பாரிசு நகரப் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். 1832-ஆம் ஆண்டு அந்நகரைக் காலரா தாக்கி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. ஓசானாமும் நண்பர்களும் மாணவர் மன்றம் ஒன்றில் திருச்சபையின் பெருமைகளைப் பற்றி வாதம் புரிந்துவந்தார்கள். ஒருநாள் எதிரணியைச் சேர்ந்த ஒருவர், உங்கள் திருச்சபை பழங்காலத்தில் செய்ததெல்லாம் இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கருத்தில் ஒரு கேள்வியை எழுப்பினார். அந்தக் கேள்வி அவர்களை உறங்கவிடவில்லை. ஓசானாமும் நண்பர் ஒருவரும் குளிர்காலத்துக்காகத் தாங்கள் வாங்கி வைத்திருந்த விறகில் எஞ்சியிருந்ததை ஓர் ஏழை வீட்டுக்குச் சுமந்து சென்றார்கள் என்று சொல்லப்படுகிறது.

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, ஓசானாமின் இருபதாம் பிறந்த நாளன்று, வயதில் மூத்தவரான எம்மானுவேல் பாயி என்பவரின் பத்திரிகை அலுவலகத்தில் சில மாணவர்கள் கூடினார்கள். அதுவே எங்கள் சபையின் முதல் கூட்டம். ஏழைகளின் வீட்டுக்குப் போவது எப்படி என்று இந்த மாணவர்களுக்குத் தெரியாது. ஆகவே பாரிசின் மிக ஏழ்மையான பகுதியில் பணிபுரிந்த சகோதரி ரோசலி ரெந்து அம்மையாரிடம் சென்றார்கள். அவர்தாம் முதல் வீடுகளை அவர்களுக்குக் காட்டினார். ரொட்டிக்கும் விறகுக்கும் சீட்டுகளைக் கொடுத்தனுப்பினார். ஏழையின் வீட்டில் எப்படி நுழைய வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார்.

ஓசானாம் பின்னர் சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். மணம் புரிந்தார், ஒரு பெண் மகவுக்குத் தந்தையானார், 1853-இல் நாற்பதே வயதில் மறைந்தார். குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். நம்மைப் போன்ற இல்லறத்தார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 அன்று பாரிசு நகரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார். சகோதரி ரோசலியும் 2003-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். அந்தச் சில மாணவர்களோடு தொடங்கிய சபை இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது.

இப்பணி குருக்களுடையது மட்டுமன்று, பொதுநிலையினராகிய நம்முடையதும் ஆகும் என்பதை இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட தனி ஏடு ஒன்றில் தெளிவாக எடுத்துரைத்தது. 1930-இல் நமது சேலம் மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது முதல் ஆயராக வந்த மேதகு புருனியே ஆண்டகையும் பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்தவரே. அந்த நாள்களில் ஏழைகளுக்குச் சாமியார் கொடுப்பார் என்றிருந்த நிலை மாறி, பங்கு மக்களே பங்கின் ஏழைகளைத் தேடிப் போவது என்பது திருச்சபை நம் கையில் ஒப்படைத்த பொறுப்பாகும்.

வாரக் கூட்டம் எப்படி நடக்கிறது

எங்கள் கூட்டத்தில் இரகசியம் ஏதோ நடக்கிறது என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையில் இரகசியம் இரண்டு உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

செபத்தோடு கூட்டம் தொடங்கும். ஓர் ஆன்மிக வாசகம் படிக்கப்படும். சென்ற வார நடவடிக்கைக் குறிப்பை எழுத்தர் படிப்பார். பிறகு இருவர் இருவராகச் சென்று வந்தவர்கள், எந்த வீட்டுக்குப் போனோம், என்ன கண்டோம், என்ன தேவை என்று சொல்வார்கள். தேவைக்கேற்ப முடிவு செய்யப்படும். கடைசியில் ஒரு பை வலம் வரும். ஒவ்வொருவரும் தம் கையை உள்ளே விட்டுத் தம்மால் இயன்றதைப் போடுவார்கள். நூறு ரூபாய் போட்டவர் யார், பத்து ரூபாய் போட்டவர் யார், அந்த வாரம் ஒன்றும் இயலாமல் வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இது முதல் இரகசியம். இதனால்தான் கூலித் தொழிலாளியும் கடை முதலாளியும் எங்கள் சபையில் சரிசமமாக அமர முடிகிறது.

இரண்டாவது, எந்தக் குடும்பத்துக்கு உதவுகிறோம் என்பதை வெளியில் சொல்வதில்லை. அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதுவதில்லை. புகைப்படம் எடுப்பதில்லை. யூபிலி விழா மேடையிலேயே ஏழைகளை வரிசையாக அழைத்துப் பொருள்களை வழங்கினால் சிறப்பாக இருக்குமே என்று நல்ல எண்ணத்தோடு சிலர் கேட்டார்கள். அவர்கள் அன்பை மதிக்கிறோம். ஆனால் மேடையில் கைநீட்டி வாங்கிய தாய் மறுநாள் காலையில் அதே தெருவில்தான் தண்ணீர்க் குடத்தோடு நடக்க வேண்டும். அவர் மகன் அதே வகுப்பில்தான் நம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் போதித்தது கொடுப்பவரின் ஆன்மாவுக்காக மட்டுமன்று. வாங்குபவரின் மானத்துக்காகவும்தான் என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

நம் ஊரின் வறுமை

நம் வாழப்பாடி வறண்ட ஊரன்று. வசிஷ்ட நதியும், வடக்கே அருநூற்றுமலையும், பாக்குத் தோப்புகளும், தென்னையும், மரவள்ளிக் காடுகளும் உள்ள ஊர். சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்பவர்கள் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தால் பச்சைப் பசேலென்றிருக்கும். ஆகவே இங்கே என்ன வறுமை என்று கேட்பவர்கள் உண்டு.

தோப்பு பச்சையாக இருக்கும். தோப்பில் வேலை செய்பவர் வீட்டு அடுப்பு எல்லா நாளும் எரியும் என்று சொல்ல முடியாது. பாக்கு வெட்டும் காலத்தில் மரமேறுபவருக்குக் கூலி உண்டு. காய் உரிக்கும் பெண்களுக்கும் வேலை உண்டு. அறுவடை ஓய்ந்தால் வேலையும் ஓயும். மரவள்ளிக் கிழங்கு வரத்து நின்றால் ஜவ்வரிசி ஆலைகளிலும் அப்படியே. கையில் காசு குறையும் அதே வேளையில்தான் ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறக்கும். நோட்டு, சீருடை, வண்டிக் கட்டணம் என்று செலவு வந்து நிற்கும். நாமோ கிறிஸ்துமஸ் காலத்தில்தான் தாராளமாகக் கொடுப்போம். திசம்பரில் மூன்று இடங்களிலிருந்து சேலை கிடைத்த வீட்டில், சூன் மாதத்தில் அரிசிப் பானை காலியாயிருக்கும். ஷாத்தியோனில் வின்சென்ட் அடிகளார் கண்டதும் இதையேதான். எந்த மாதம் எந்த வீட்டில் முடை என்று தெரிய வேண்டுமானால், ஆண்டு முழுவதும் அந்த வீட்டுப் படியேறியிருக்க வேண்டும்.

இன்னொரு வகை வறுமையும் வளர்ந்துவருகிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட, பெற்றோர் இங்கே தனியே இருக்கிறார்கள். பணம் வருகிறது, பேச ஆள் இல்லை. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் துணை இல்லை. கூட்டிப் போகவும் ஓர் ஆள் வேண்டும். வரிசையில் நிற்கவும், சீட்டு வாங்கவும், மருந்துக் கவரில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

போய்ப் பார்த்தால்தான் தெரியும்

ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனோம். ரேசன் அரிசி வாங்கவில்லையா அம்மா என்று கேட்டோம். கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வாழ்நாளெல்லாம் களை பறித்துப் பாக்கு உரித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எப்படி விழும்? இயலாதவர்கள் தங்கள் சார்பில் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கிக்கொள்ள வழியுண்டு, அதற்குப் படிவமும் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்தை எழுதிக் கொடுத்து, அடுத்த வீட்டுப் பெண்ணை நியமிக்கச் செய்தோம். நாங்கள் கொண்டுபோன ஐந்து கிலோ அரிசி ஒரு வாரத்துக்கு. அந்தப் படிவமோ அவர் ஆயுள் முழுவதற்கும்.

இதுபோலவே 2023-இல் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் நின்றுபோனவர்கள், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் எனப் பலரைச் சந்திக்கிறோம். அரசு கொடுக்கிறது, வாங்க வேண்டியவர் வாசலுக்கு அது வந்து சேரவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போக ஓர் ஆள், எழுதிக் கொடுக்க ஓர் ஆள், இதுவே பல வீடுகளில் எங்கள் முழு உதவியும். இதற்குச் சபைப் பணத்தில் செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணம் மட்டுமே.

இந்த வீடு தேடும் முறையைப் பழைய காலத்துப் பக்தி முயற்சி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளரை மலைப்பாங்கான இடத்தில் தனி மருத்துவமனையில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில், தம் சிறு வீட்டிலேயே இருந்துகொண்டு மருந்துண்ட நோயாளர்களையும், மருத்துவமனையில் தங்கிய நோயாளர்களையும் அம்மையத்தார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. மருந்தை ஒழுங்காக உண்ணும்படி கவனித்துக்கொண்டால் வீட்டில் இருப்பவரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைகிறார். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றுவதில்லை. இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றிவிட்டது. அந்தப் பெருமை நம் தமிழ்நாட்டுக்கு உரியது.

இன்றும் சாதாரண வகைக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்துண்ண வேண்டும். மருந்து இலவசம். ஊட்டத்துக்காக மத்திய அரசு 2018-இல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக உயர்த்தியது. சிக்கல் எங்கே என்றால், இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை விட்டுவிடுவார்கள். அப்போது நோய் முன்னிலும் வலுவாகத் திரும்பும். ஆகவே அப்படிப்பட்ட வீட்டுக்கு நாங்கள் முதல் வாரம் பழம் வாங்கிக்கொண்டு போவது பெரிதன்று. மூன்றாம் மாதம், நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் போகிறோமா என்பதே கேள்வி.

இளம்பிள்ளை வாத ஒழிப்பும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ரோட்டரி சங்கத்தார் 1985-இல் உலகெங்கும் அதை ஒழிக்கப் பெருமுயற்சி தொடங்கினார்கள். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில் கூட 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 2010-இல் 42 ஆயிற்று. 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற நாடென்று இந்தியா சான்று பெற்றது. சொட்டு மருந்து முகாமில் வைத்துவிட்டுக் காத்திருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. முகாமுக்கு வராத குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போய், கதவில் அடையாளமிட்டு, விட்டுப்போன வீட்டுக்கு மறுபடியும் போன பெண்கள் பலர். அவர்களுடைய கால்கள்தான் அந்த வெற்றியைக் கொண்டுவந்தன. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்றும், 2025-இல் முதியோர் வீட்டுக்கே ரேசன் பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் என்றும் தமிழக அரசு தொடங்கியதும் இந்தத் தேவையை உணர்ந்தே.

கண் சிகிச்சை முகாம்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் போன்ற ஊர்ச் சங்கங்களின் துணையோடு சிற்றூர்தோறும் முகாம் நடத்திப் பார்வை கொடுத்துவருகிறது. அறுவை சிகிச்சை இலவசம் என்றாலும் பலர் வருவதில்லை என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். பயம் ஒன்று, கூட்டிப்போக ஆளில்லாமை மற்றொன்று. போக்குவரத்தும் உணவும் சேர்த்துக் கொடுத்த பிறகே கூட்டம் வந்தது. முகாம் நடத்தும் அளவுக்கு எங்கள் சபைக்கு வசதியில்லை. ஆனால் முகாமுக்குத் தாத்தாவையும் பாட்டியையும் கையைப் பிடித்து அழைத்துப்போகவும், சிகிச்சை முடிந்து திரும்பிய பின் வாரக்கணக்கில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடவும் எங்களால் முடியும். அவரவர் செய்வதை அவரவர் செய்தால் ஊர் கூடித் தேர் இழுத்ததாகும்.

சில கேள்விகளுக்கு விடை

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்களே, குடிகாரன் வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பாத்திரம் அறிவதற்காகத்தான் வீட்டுக்குப் போகிறோம். தகப்பன் குடிக்கிறான் என்பதால் பிள்ளைக்குப் பசிக்காமல் இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ரொக்கம் கொடுக்காமல் பள்ளிக் கட்டணத்தை நேரே கட்டுவோம். மளிகையைத் தாயின் கையில் சேர்ப்போம். அதுவும் போய்ப் பார்த்த பின்னரே எடுக்கும் முடிவாகும்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் உதவுவீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. சாதி, சமயம் பார்க்காமல் ஏழை எவருக்கும் பணிபுரிவதே எங்கள் சபையின் விதி. இவ்வூரில் நாம் சிறு தொகையினர். நாங்கள் படியேறும் வீடுகளில் மாரியம்மன் படமும் இருக்கும், பள்ளிவாசல் படமும் இருக்கும். மருந்துக்கும் அரிசிக்கும் ஈடாக நாங்கள் எதையும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆண்டவர் சொன்ன உவமையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அந்தச் சமாரியன், நீ எந்தக் குலம் என்று விசாரிக்கவில்லை. அதே உவமையில் மற்றொன்றும் உண்டு. அவன் சாவடிக்காரனிடம் பணம் கொடுத்ததோடு முடித்துக்கொள்ளவில்லை. திரும்பி வருவேன், மேற்கொண்டு ஆன செலவைத் தருவேன் என்றும் உறுதி சொன்னான். திரும்பி வருவதுதான் அந்த உவமையில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் பகுதி.

உங்கள் உதவியெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி அல்லவா என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். ஊரின் வறுமையை எங்கள் சபை ஒழித்துவிடும் என்று நாங்கள் மார்தட்டவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு நாங்கள் ஆறு மாதம் தொடர்ந்து போனால், அந்த ஒரு வீட்டின் நிலை மாறுவதை எங்கள் கண்ணாலேயே காண்கிறோம்.

யூபிலியும் நம் கடமையும்

யூபிலி என்றால் என்ன? விவிலியத்தில் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் அதை விளக்குகிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்பட வேண்டும். விற்றுப்போன நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவர் விடுதலையாகித் தம் வீடு திரும்ப வேண்டும். அதாவது யூபிலியின் முதல் பொருள் கொடியும் தோரணமும் அன்று; நொடிந்த குடும்பம் மீண்டும் நிமிர்வதே.

நம்மிடையே கடனில் மூழ்கிய குடும்பங்கள் இல்லையா? மருத்துவச் செலவுக்கு வாங்கிய பத்தாயிரம், வார வட்டியிலும் மீட்டர் வட்டியிலும் பெருகி, வீட்டுப் பத்திரத்தை விழுங்கிய கதைகள் நமக்குத் தெரியும். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருப்பதை அறியாதவர்களும், அறிந்தும் அஞ்சுபவர்களும் அதிகம். கடன் கழுத்துவரை வந்த பின்னர் சபைக்கு வருகிறார்கள். முதல் ஆயிரத்திலேயே ஓர் அண்டை வீட்டார் எங்களிடம் சொல்லியிருந்தால் வழி பிறந்திருக்கும்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, உங்கள் தெருவில் உலை வைக்காத வீடோ, மருந்தை நிறுத்திய நோயாளியோ, பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளையோ இருந்தால் எங்கள் காதில் போடுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் வாசலில் வைக்கும் ஏழைகள் உண்டியலை மறவாதீர்கள். திருமணம், புதுநன்மை, பிறந்த நாள் முதலிய மகிழ்ச்சி நாள்களில் ஒரு பங்கை ஏழைகளுக்கென எடுத்துவைத்தால், அதை எந்த மாதத்தில் எந்த வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவதே முக்கியமானது. பணத்தைவிட எங்களுக்கு ஆள் வேண்டும். எங்களில் பலர் தலை நரைத்தவர்கள். பேளூர்ப் பக்கமும் சிங்கிபுரம் பக்கமும் சைக்கிளில் போய்வந்த கால்கள் இப்போது மூட்டு வலியால் தயங்குகின்றன. இப்படியே போனால், இன்னும் சில ஆண்டுகளில் பையில் பணம் இருக்கும், பட்டியலில் வீடுகள் இருக்கும், போய்வர ஆள் இருக்க மாட்டார்கள். அப்போது நம் உதவி தானாகவே மேடைக்கு வந்துவிடும்; ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதாக முடிந்துவிடும். அந்நிலை வரக் கூடாது என்பதே எங்கள் கவலை.

இளைஞர்களே! இச்சபையைத் தொடங்கிய ஓசானாமுக்கு அப்போது வயது இருபது. உங்களிடம் நாங்கள் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எங்களில் ஒரு மூத்தவரோடு நீங்கள் ஒருவர் சேர்ந்து புறப்பட்டால் போதும். எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுப்பார். கைப்பேசியில் விண்ணப்பம் போடுவது எப்படி என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இப்படி இருவர் இருவராகப் போகும் வழக்கம் நம் ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பிய நாளிலிருந்தே வருவது.

முகம் சுளிக்காமல் கதவு திறந்து எங்களை உள்ளே அழைத்து, இருந்த ஒரே நாற்காலியை எங்களுக்குத் தந்து, தாம் தரையில் அமர்ந்து பேசிய வீட்டார் அனைவருக்கும் இவ்வேளையில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவர்கள் பெயரை இங்கே சொல்ல மாட்டோம். கோவிலுக்கு வெளியேயும் ஆண்டவரைச் சந்திக்கலாம் என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் அவர்களே. 

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் கூடுவோம். அன்று செல்ல வேண்டிய வீடுகளின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. உங்களில் சிலரேனும் அங்கே வந்து நிற்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!